பால் உறைகிறது, தேங்காய் எண்ணெயும் உறைகிறது: வாசகர் கேள்விகளுக்கு வேதியியல் டீச்சரின் பதில்கள்

முப்பத்து நாலு வருடம் அரசுப் பள்ளிகளில் அறிவியலும் வேதியியலும் நடத்திவிட்டு, இப்போது கும்பகோணத்தில் என் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உங்கள் கடிதங்களைப் படிக்கிறேன். உலோகம், உப்பு, ஆவி, வெப்பம் என்று உயிரில்லாத பொருள்களுக்கும் அவற்றில் நடக்கும் மாற்றங்களுக்கும் தமிழில் புழங்கும் சொற்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அடுப்படியில் இருந்து வந்தவை. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

*

கேள்வி: டீச்சர், என் மாமியார் கொடுத்த ஈயச்சொம்பில்தான் இருபது வருடமாக ரசம் வைக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் மகள், "ஈயம் விஷம்மா, புத்தகத்துலயே போட்டிருக்கு" என்று சொல்லி அதைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள். யார் சொல்வது சரி?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: மகள் படித்ததும் உண்மை, மாமியார் தெரிந்து கொடுத்ததும் உண்மை. நடுவில் ஒரு சொல்தான் இடறுகிறது. தமிழில் ஈயம் என்பது ஒற்றை உலோகத்தின் பெயர் இல்லை. இரண்டு உலோகங்களுக்குப் பொதுவான பெயர். கருமையாக இருப்பது காரீயம், வெண்மையாக இருப்பது வெள்ளீயம். உடம்பில் சேர்ந்தால் நரம்பையும் மூளையையும் கெடுப்பது காரீயம். ரசச் சொம்பு செய்வதும், பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே பூசுவதும் வெள்ளீயத்தில். பழைய ரோமானியர்களும் இந்த இரண்டையும் ஒரே பெயரில் அழைத்து, கறுப்பு, வெள்ளை என்று அடைமொழி வைத்துத்தான் பிரித்தார்கள். பார்த்தால் அவ்வளவு ஒற்றுமை.

நம் பாடப்புத்தகங்களில் 'ஈயம்' என்று தனியாக எழுதினால் அது காரீயத்தையே குறிக்கும். கடைத்தெருவில் ஈயம் என்றால் வெள்ளீயம். புத்தகத்து ஈயத்தைச் சமையலறை ஈயமாக உங்கள் மகள் எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், படித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்திப் பார்க்கும் பிள்ளை அவள்.

என் சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை ஈயம் பூசுகிறவர் வருவார். தரையில் சின்னக் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தியை மிதிப்பார். பித்தளை அடுக்கு நன்றாகச் சூடேறியதும் நவச்சாரத்தூளைத் தூவுவார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை வரும், மூக்கு எரியும். நவச்சாரம் அந்தச் சூட்டில் பாத்திரத்தின் மேல் படிந்திருக்கும் அழுக்குப் படலத்தைத் தின்றுவிடும். உடனே வெள்ளீயத் துண்டால் ஒரு கோடு இழுத்து, பழந்துணியைச் சுருட்டி ஒரே சுற்று. மஞ்சள் பாத்திரத்தின் உட்புறம் கண் முன்னாலேயே கண்ணாடி போல வெளுத்துவிடும். புளி பட்டால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். வெள்ளீயம் பூசிவிட்டால் புளிக்கும் பித்தளைக்கும் தொடர்பே இல்லை. அதற்காகத்தான் இத்தனை வேலையும்.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும். அதனால்தான் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது என்கிறார்கள். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், சொம்புக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். விலை குறைவு என்பதால் வெள்ளீயத்தில் காரீயம் கலந்து விற்பவர்கள் உண்டு. காரீயம் அதிகம் கலந்திருந்தால் வெள்ளைத்தாளில் தேய்க்கும்போது பென்சில் கோடு போல சாம்பல் நிறக் கீற்று விழும். கொஞ்சமாகக் கலந்திருந்தால் அதுவும் தெரியாது, ஆய்வகத்தில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். பார்க்கும்வரை அதில் ரசம் வைக்காதீர்கள். முடிவு வரட்டும், சொம்பைப் பரணில் இருந்து இறக்குவதா வேண்டாமா என்று மகளே சொல்லட்டும்.

*

கேள்வி: உறைதல் என்றால் திரவம் திண்மமாவது என்று படித்திருக்கிறேன். பால் தயிராக உறைவதும் அதே மாற்றம்தானா? தேர்வில் எடுத்துக்காட்டாக எழுதலாமா?
(மாணவி, திருநெல்வேலி)

பதில்: எழுதாதே கண்ணு. மதிப்பெண் போய்விடும், போவதும் நியாயம்தான். ஆனால் கேள்வி அருமையான கேள்வி.

மார்கழி மாதம் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார். வெள்ளையாகக் கட்டி நிற்கும். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறைந்துவிடும். பாட்டிலை முற்றத்து வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் பழையபடி எண்ணெய். மாலையில் குளிர்ந்தால் மறுபடி கட்டி. எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்த் திரும்பும், ஏனென்றால் எண்ணெய் எண்ணெயாகவேதான் இருக்கிறது. அதன் மூலக்கூறுகள் நெருங்கி அடங்கி உட்கார்ந்திருக்கின்றன, வேறொன்றும் ஆகவில்லை. இதுதான் புத்தகம் சொல்லும் உறைதல்.

இப்போது தயிர்க் கிண்ணத்தை அதே வெயிலில் வை. பாலாக மாறுமா? இன்னும் புளிக்கும், மேலே தண்ணீர் விடும், நாறும். பாலாக ஒருநாளும் திரும்பாது. மோரில் இருக்கும் நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. பாலில் கேசீன் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக மிதந்துகொண்டிருக்கிறது. அமிலம் கூடக் கூட அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலை போல நிற்கின்றன. அந்த வலைக்குள் சிக்கிய தண்ணீரைத்தான் நாம் தயிர் என்று கரண்டியால் வெட்டி எடுக்கிறோம். இதில் குளிர்ச்சிக்கு வேலையே இல்லை. சொல்லப்போனால் குளிர்ந்த இடத்தில் தயிர் சரியாக விழாது. வெதுவெதுப்பு வேண்டும்.

இரத்தம் உறைவது மூன்றாவது வகை. அதிலும் புரதம்தான், ஆனால் வேறு புரதம். ஃபைப்ரின் என்ற இழைகள் உருவாகி அணுக்களைப் பின்னிக்கொள்கின்றன.

ஆக ஒரே சொல்லுக்குள் மூன்று வேலை. ஆனால் நம் வீட்டுப் பேச்சு இந்த வித்தியாசத்தை உணராமல் இல்லை. கவனித்துப் பார்: 'உறை ஊற்றினேன்', 'பிரை விட்டேன்', 'தோய்த்து வைத்தேன்' என்று ஊருக்கு ஒரு விதமாகச் சொல்கிறோம். எல்லாமே பாலுக்கு மட்டும். எண்ணெய்க்கு யாரும் பிரை விடுவதில்லை. பால் கெட்டால் 'திரிந்துபோச்சு' என்கிறோம், எண்ணெயைத் திரிந்தது என்று சொல்ல வாய் வராது. மேல் வகுப்புக்குப் போனால் பால் ஒரு கூழ்மம் என்றும், கூழ்மத்தின் துகள்கள் சேர்ந்து பிரிவது திரிதல் என்றும் படிப்பாய். கூழில் இருந்து வந்த கூழ்மம், கெட்ட பாலில் இருந்து வந்த திரிதல். இரண்டையும் பாடநூலுக்குள் கொண்டுவந்தவர்களை நான் மனசாரக் கும்பிடுகிறேன்.

தேர்வில் உறைதலுக்கு நீர் பனிக்கட்டியாவதை எழுது, தேங்காய் எண்ணெயை எழுது. தயிரை மீளா மாற்றத்துக்கு எடுத்துக்காட்டாக எழுது. கூடவே இன்னொன்று: 'ஐஸ் கரைஞ்சு போச்சு' என்று வீட்டில் சொன்னாலும் தாளில் 'உருகியது' என்று எழுது. கரைவதற்கு இன்னொரு பொருள் வேண்டும், உருகுவதற்குச் சூடு மட்டும் போதும்.

*

கேள்வி: அன்பான ரீச்சருக்கு, தமிழ்நாட்டில் படிக்கிற என்ர தங்கச்சியின் மகன் 'நிறை' என்று ஒன்றைச் சொல்கிறான். நான் படித்த 'நிறை' வேறு. இரண்டு பேரும் தமிழில்தானே படித்தோம். ஆர் பிழை?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்கு நான் ஒருவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1990-களின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில், இலங்கையில் இருந்து வந்து முகாமில் தங்கியிருந்த குடும்பத்துப் பையன் ஒருவன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தான். மாதத் தேர்வில், 'ஒரு பொருளை நிலவுக்குக் கொண்டுபோனால் எது மாறும், எது மாறாது?' என்று கேட்டிருந்தேன். 'திணிவு மாறாது, நிறை ஆறில் ஒன்றாகும்' என்று எழுதியிருந்தான். நிறைதான் மாறாதது, எடைதான் குறையும் என்பது எங்கள் பாடம். சிவப்பு மையால் அடித்து சுழி போட்டேன். மறுநாள் அவன் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஓரமெல்லாம் தண்ணீர் பட்டு ஊறிக் காய்ந்த நோட்டு. திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினான், எதுவும் பேசவில்லை. அவனுடைய பழைய ஆசிரியர் எழுதிப்போட்டதை அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். அவன் சொன்னது முழுவதும் சரி. நாங்கள் நிறை என்பதை அங்கே திணிவு என்கிறார்கள், நாங்கள் எடை என்பதை அங்கே நிறை என்கிறார்கள். வகுப்பு முன்னாலேயே அவன் தாளைத் திருத்தி முழு மதிப்பெண் போட்டேன். கரும்பலகையில் இரண்டு வரிசையாக எழுதி, இரண்டும் தமிழ், இரண்டும் சரி என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

60 கிலோ ஆள் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பூமியில் அவரை இழுக்கும் விசை ஏறக்குறைய 588 நியூட்டன். நிலவில் 98 நியூட்டன். அந்த 60 கிலோ இரண்டு இடத்திலும் 60 கிலோதான். மாறாத 60-க்கு உங்கள் பெயர் திணிவு, எங்கள் பெயர் நிறை. மாறுகிற 588-க்கு உங்கள் பெயர் நிறை, எங்கள் பெயர் எடை. விஷயத்தில் வித்தியாசமே இல்லை.

இதைவிடப் பெரிய பொறி 'வேகம்'. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு வேகம் என்றால் திசை இல்லாத வெறும் வேகம். திசையும் சேர்ந்தால் திசைவேகம். உங்களுக்கோ திசை இல்லாதது கதி, திசை உள்ளதுதான் வேகம். எங்கள் முடுக்கம் உங்கள் ஆர்முடுகல். எங்கள் ஆற்றல் உங்கள் சக்தி, எங்கள் திறன் உங்கள் வலு. அழுத்தம் அங்கே அமுக்கம், தனிமம் அங்கே மூலகம். ஈயத்தைப் பற்றி மேலே எழுதினேனே, அதிலும் ஒரு சிக்கல் உண்டு: இங்கே காரீயம் விஷ உலோகம், உங்கள் ஊரில் பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டைக் காரீயம் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. மருமகன் ஊருக்கு வந்தால் முதலில் இதைச் சொல்லி வையுங்கள்.

எந்தச் சொல் நல்ல சொல் என்று கேட்டால், என் மனசு திணிவு பக்கம்தான் சாயும். நிறு என்ற வினையில் இருந்து பிறந்தது நிறை. தராசில் நிறுப்பது இழுவிசையைத்தானே? அப்படிப் பார்த்தால் உங்கள் வழக்கம் வேருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பொருளுக்குள் எவ்வளவு திணித்து வைத்திருக்கிறது என்பதைச் சொல்லத் திணிவு பொருத்தமான சொல். அடர்த்தியோடு குழம்பும் என்று என் தோழி ஒருத்தி வாதாடுவாள், அதுவும் நியாயமான கவலைதான். எதுவானாலும் இனி இரண்டு கரையிலும் புத்தகங்களை மாற்ற முடியாது. பின்பக்கத்தில் ஒரு தாள் சேர்த்து, அந்தக் கரையின் சொற்களை அச்சிடலாம். அந்த ஒரு தாள் அன்றைக்கு என் மேசையில் இருந்திருந்தால் ஒரு பிள்ளையின் முகம் வாடியிருக்காது.

*

கேள்வி: மிளகாய்க்கும் காரம், சோடா உப்புக்கும் காரமா?
(வாசகர், சாத்தூர்)

பதில்: எழுத்து ஒன்று, சரக்கு வேறு. வேதியியலில் வரும் காரம் க்ஷாரம் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். படிகாரம், வெங்காரம் என்ற பெயர்களில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதுதான். மிளகாயை அரைத்து அதில் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துப் பாருங்கள், நீலமாகாது. நாக்கு எரிவது கேப்சைசின் என்ற பொருளால். அப்பளக்காரத்தைக் கரைத்து நனைத்தால் சட்டென்று நீலமாகும். அப்பளக்காரம் உறைக்காது என்பதே போதுமான விளக்கம்.

*

கேள்வி: இட்லிப் பானையில் இருந்து வெள்ளையாக வருவதை நீராவி என்று சொன்னேன். என் பேரன் "அது ஆவி இல்லை பாட்டி" என்கிறான். பின்னே அது என்ன, புகையா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பேரன் சொல்வது சரிதான் அம்மா. புகையும் இல்லை. அது தண்ணீர். பொடிப்பொடித் துளிகள்.

இட்லிப் பானையைவிட மூக்கு நீண்ட கெட்டில் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மூக்கின் வாயை உற்றுப் பாருங்கள், கையை மட்டும் பக்கத்தில் கொண்டுபோய்விடாதீர்கள். வாயை ஒட்டி ஒரு விரல்கடை தூரத்துக்கு ஒன்றுமே இருக்காது, பின்னால் இருக்கும் சுவர் பளிச்சென்று தெரியும். அதற்கப்புறம்தான் வெள்ளை ஆரம்பிக்கும். அந்த ஒன்றுமில்லாத இடைவெளியில்தான் நிஜமான நீராவி இருக்கிறது. நீராவி கண்ணுக்குத் தெரியாத வாயு. வெளிக்காற்றின் குளிர்ச்சி பட்டதும் அது மறுபடி துளியாகிறது, நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் மேலே போனால் அந்தத் துளிகளும் உலர்ந்து ஆவியாகி மறைந்துவிடும். மேகமும் மார்கழி மூடுபனியும் இதே கதைதான்.

இந்த ஆவி துளியாகும் மாற்றத்துக்குப் புத்தகத்தில் ஆவி சுருங்குதல் என்று போடுகிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒட்டவே இல்லை. சுருங்குவது துணியும் தோலும். இலங்கையில் ஒடுங்கல் என்பார்கள், ஆனால் ஒடுக்கம் என்று எங்கள் புத்தகத்தில் வேறொரு வேதிவினை இருப்பதால் அதையும் இங்கே எடுக்க முடியாது. இட்லிப் பானையின் மூடியைத் திறந்தால் உட்பக்கம் முத்து முத்தாக நிற்கிறதே, அதை நம் வீட்டில் 'வேர்த்திருக்கு' என்றுதான் சொல்கிறோம். குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கமும் வேர்க்கும். வேர்த்தல் என்றே வைத்திருந்தால் ஒரு பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

*

கேள்வி: நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஆக்ஸிஜனை உயிர்வளி என்று எழுதினால் புரியவில்லை என்கிறார்கள், ஆக்ஸிஜன் என்றால் தமிழ்ப் பற்று இல்லையா என்கிறார்கள். உங்கள் வழி எது?
(வாசகர், சென்னை)

பதில்: பொருளின் பெயரை இரவல் வாங்குங்கள், மாற்றத்தின் பெயரைத் தமிழில் வையுங்கள். நான் வகுப்பில் பின்பற்றிய வழி இதுதான், இன்றைக்கும் இதில்தான் நிற்கிறேன்.

இந்த வழக்கு நமக்குப் புதிது இல்லை. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், தமிழில் மருத்துவ நூல்களைக் கொண்டுவந்தார். அந்த முயற்சியின் பகுதியாக 1875-இல் வெளிவந்த வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. பெயரைப் பாருங்கள், இரவல் சொல்லுக்குத் தமிழ் வால். 1916-இல் சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்காகவே ஒரு சங்கம் வைத்தார்கள். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 'கலைச்சொற்கள்' என்று தொகுப்பே வெளியிட்டது. பிராணவாயு ஒரு காலம் ஓடியது, உயிர்வளி ஒரு காலம் வந்தது. அப்புறம் பாடநூலில் ஆக்ஸிஜன் நின்றுவிட்டது. இலங்கையில் ஒட்சிசன்.

தனிமத்தின் பெயர் ஆள் பெயர் மாதிரி. அதற்கு அர்த்தம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆக்ஸிஜன் என்ற கிரேக்கப் பெயரின் பொருளே தப்பு: 'அமிலத்தை உண்டாக்குவது'. எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1770-களில் நினைத்தார். கடலுப்பில் இருந்து எடுக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜனே இல்லை என்று 1810-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி காட்டினார். பெயர் தப்பென்று தெரிந்தும் யாரும் மாற்றவில்லை, யாருக்கும் இடைஞ்சலும் இல்லை. ஜெர்மானியர்கள் அதே தப்பைத் தங்கள் மொழியில் பெயர்த்து, 'புளிப்புப் பொருள்' என்ற அர்த்தத்தில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மாற்றத்தின் பெயர் அப்படி இல்லை. அது வினைச்சொல்லில் இருந்து வர வேண்டும், குட்டி போட வேண்டும். கரை என்று ஒரு வினை. கரைகிற பொருள் கரைபொருள், கரைக்கிறது கரைப்பான், கிடைத்தது கரைசல், எவ்வளவு கரையும் என்பது கரைதிறன். நாலு சொல்லையும் ஒரு பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டாம், முதல் சொல் தெரிந்தால் மற்றவை தாமாக வந்துவிடும். இதையே இரவல் வாங்கியிருந்தால் நாலையும் தனித்தனியாகச் சுமக்க வேண்டும். ஆக்ஸிஜனேற்றம் என்ற சொல்லைப் பாருங்கள். ஆக்ஸிஜன் இரவல், ஏற்றம் நம்முடையது. அந்தச் சொல்லின் முதுகெலும்பு ஏற்றம்தான்.

'கரியமில வாயு' என்று எழுதத் தோன்றினால் தாராளமாக எழுதுங்கள். டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட சொல்லை யாரும் பிடுங்க வேண்டாம்.

*

கேள்வி: கற்பூரம் உருகாமலே காற்றில் போவதைப் பதங்கமாதல் என்கிறார்களே, பதங்கம் என்றால் என்ன? எந்த அகராதியைப் பார்த்தாலும் விட்டில் பூச்சி என்று வருகிறது.
(ஆசிரியர், கிருஷ்ணகிரி)

பதில்: சித்த மருத்துவர் யாராவது பக்கத்தில் இருந்தால் நொடியில் சொல்லியிருப்பார். பதங்கம் அவர்களுடைய மருந்து வகைகளில் ஒன்று. சாம்பிராணிப் பதங்கம் செய்வதை எங்கள் ஊர் வைத்தியர் வீட்டில் பார்த்திருக்கிறேன். ஒரு சட்டியில் சரக்கைப் போட்டு, மேலே இன்னொரு சட்டியை வாயோடு வாய் பொருத்திக் கவிழ்ப்பார்கள். இரண்டு வாயும் சேரும் இடத்தில் மண் பூசிய துணியைச் சுற்றுவார்கள், அதற்குப் பெயர் சீலைமண். கீழே மெல்லிய தீ. ஆறவைத்துத் திறந்தால், மேல்சட்டியின் உட்புறத்தில் வெள்ளை மாவு போலப் படிந்திருக்கும். அதைக் கோழி இறகால் தட்டி எடுப்பார்கள். அப்படிப் படிந்ததுதான் பதங்கம். வடமொழியில் பதங்கம் என்றால் பறப்பது. விட்டில் பறக்கிறது, இதுவும் கீழிருந்து மேலே பறந்துபோய் ஒட்டிக்கொள்கிறது.

பாடநூலுக்குச் சொல் தேடியவர்கள் இதை அப்படியே எடுத்தார்கள். திண்மம் திரவமாகாமல் நேராக ஆவியாவது பதங்கமாதல். கண்ணாடிப் புட்டியில் கற்பூர வில்லைகளைப் போட்டு இறுக மூடி, ஜன்னல் ஓரம் பத்து நாள் வைத்துவிட்டு மாணவர்களிடம் காட்டுங்கள். புட்டியின் மேல்பகுதியில் சின்னச் சின்னப் படிகங்கள் மின்னும். அதே பதங்கம்தான், அடுப்பு மட்டும் இல்லை.

*

கேள்வி: கட்டட வேலை செய்கிறேன். என் அப்பா சுண்ணாம்பு 'நீத்தணும்' என்பார். இன்ஜினியர் பையன் 'நீரேற்றம்' என்கிறான். இரண்டும் ஒன்றா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: உங்கள் அப்பாவின் சொல் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது தம்பி. நீற்றுச் சுண்ணாம்பு என்று அச்சிட்டிருக்கிறார்கள். நீற்றுதல், வாய்வழக்கில் நீத்துதல். நீறு என்றால் பொடி, சாம்பல். கல்லாக இருந்ததைப் பொடியாக உதிர்ப்பதால் நீற்றுதல்.

காளவாயில் 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லை நன்றாகச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். கையில் எடுத்தால் கல் மாதிரியே இருக்கும், கனம் மட்டும் குறைந்திருக்கும். இதில் 18 கிலோ தண்ணீர் சேர்ந்தால் 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு. அடுப்பே இல்லாமல் குழிக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். குழி ஓரத்தில் பிள்ளைகளை நிற்கவிடாதீர்கள். ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

நீரேற்றம் என்பது பொதுப்பெயர். பொருளோடு தண்ணீர் வேதிமுறையில் சேர்வது எல்லாமே நீரேற்றம். சுண்ணாம்பில் நடக்கும்போது நீற்றுதல், சிமெண்டில் நடக்கும்போது இறுகுதல். இந்த இரண்டாவதில் உங்கள் ஆட்களிடம் ஒரு சொல்லைத் திருத்துங்கள். 'சிமெண்ட் காயுது' என்று சொல்வதால்தான் தண்ணீர் விடுவதை மறந்துபோகிறார்கள். சிமெண்ட் காய்ந்து கெட்டியாவது இல்லை, தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. சீக்கிரம் காய்ந்தால் தண்ணீர் போதாமல் பாதியில் நின்றுவிடும், தளம் வெடிக்கும். வார்த்தையை மாற்றிச் சொல்லிப் பாருங்கள், தளத்துக்குத் தண்ணீர் வாளி தானாக வரும்.

*

கேள்வி: கல்கண்டு வளரும்னு அத்தை சொன்னாங்க. அதுக்கு உயிர் இருக்கா?
(ஆறாம் வகுப்பு மாணவன், உடன்குடி)

பதில்: உயிர் இல்லை ராஜா. ஆனால் வளரும் என்று அத்தை சொன்னது சரி. செடி சாப்பிட்டு, உள்ளேயிருந்து வளர்கிறது. கல்கண்டு வெளியிலிருந்து ஒவ்வொரு துகளாக ஒட்டி ஒட்டிப் பெரிதாகிறது. சுவரில் உப்புப் பூக்கிறது என்று சொல்கிறோமே, அதுவும் இப்படித்தான், பூ இல்லாத பூத்தல்.

உங்கள் ஊர்ப்பக்கம் பனங்கல்கண்டு போடுகிற இடத்தில் பாகுக்குள் நூல் கட்டித் தொங்கவிடுவார்கள், அத்தையோடு போய்ப் பார். வீட்டிலும் செய்யலாம். ஒரு டம்ளர் கொதிநீரில் அம்மாவைச் சர்க்கரை போட்டுக் கலக்கச் சொல், இரண்டு டம்ளருக்கு மேலேயே கரையும். ஆறியதும் நூலைச் சர்க்கரையில் புரட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிடு. ஆட்டாதே, விரலை விட்டுப் பார்க்காதே. தினமும் நூலைப் பார்த்து, எத்தனையாவது நாளில் முதல் மணி தெரிந்தது என்று எனக்கு எழுது.